யோசனையைச் சட்டம் காக்காது. அப்படியானால் எதைக் காக்கும்?

வெள்ளவத்தையில் ஒருவர் புதுவிதமாக ஒரு தொழிலைத் தொடங்குகிறார். ஆறு மாதம் போகவில்லை, தெஹிவளையில் அதே மாதிரி இன்னொன்று முளைக்கிறது. "என் யோசனையைத் திருடிவிட்டார்கள்" என்று அவர் கொதிக்கிறார். கேட்பவர்களில் பாதிப் பேர் "பேட்டன்ட் எடுத்திருக்கலாமே" என்கிறார்கள். மீதிப் பேர் "இலங்கையில் அதெல்லாம் சரிவராது" என்கிறார்கள். இரண்டுமே பிழை. அவர் தொடங்கிய விடயத்துக்குப் பெரும்பாலும் பேட்டன்ட் பொருந்தாது. பொருந்தக்கூடிய வேறு பாதுகாப்புகள் நம் சட்டத்திலேயே இருந்தன. அவற்றை உரிய நேரத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இந்தக் குழப்பத்தால் சிறு தொழில் செய்பவர்கள் இழப்பது கொஞ்சமல்ல. எனவே அடியிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் ஒரு கோடு

இலங்கையில் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதற்கு முன் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. புலமைச் சொத்து என்பது மனித மூளை ஆக்கிய ஒன்றின் மேல் சட்டம் தரும் உரிமை. ஆனால் மூளையில் உதித்த எல்லாவற்றுக்கும் அது உரிமை தருவதில்லை. வெறும் எண்ணம், கோட்பாடு, செயல்முறை, கருத்து ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று சட்டமே சொல்கிறது. வியாபாரம் செய்யும் முறைகளுக்கும் திட்டங்களுக்கும் ஆக்கவுரிமை கிடையாது என்று 62ஆம் பிரிவு சொல்கிறது. பேட்டன்ட் என்று நாம் பேச்சில் சொல்வதைத்தான் இங்கே ஆக்கவுரிமை என்கிறேன்.

இதன் விளைவைக் கொழும்பு வீதிகளிலேயே பார்க்கலாம். கைப்பேசியில் வாகனம் அழைக்கும் சேவையாக பிக்மீ 2015இல் இங்கே தொடங்கியது. அதே ஆண்டில் ஊபரும் வந்தது. இரண்டுக்கும் அடிப்படை யோசனை ஒன்றுதான். ஒன்று மற்றொன்றைத் தடுக்க முடியாது. ஆனால் ஒன்றின் பெயரையோ இலச்சினையையோ மென்பொருளின் நிரல் வரிகளையோ மற்றது எடுத்தால் அது வேறு கதை. "அந்த மாதிரிச் சேவை" எல்லாருக்கும் பொது. பெயரும் நிரலும் அப்படியல்ல. கோடு அங்கேதான் விழுகிறது.

இது அநியாயம் என்று பலருக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது" என்ற எண்ணத்தை ஒருவர் இருபது ஆண்டுக்குத் தனக்கென்று பூட்டி வைத்தால், அடுத்தவர் அதைவிட நன்றாகச் செய்ய வழியே இருக்காது.

ஒரே பொருள், ஐந்து உரிமைகள்

உதாரணத்துக்கு, கிராண்ட்பாஸில் ஒரு சிறு பட்டறைக்காரர் இடியப்பம் பிழியும் இயந்திரம் ஒன்றைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பரிசி மா சூடு ஆறியதும் இறுகி அச்சின் துளைகளை அடைத்துவிடும். உணவகங்களில் இயந்திரம் நின்றுபோவதற்கு அதுதான் காரணம் என்று கண்டவர், உரலைச் சுற்றி நீராவி ஓடும் ஓர் உறை வைக்கிறார். ஒவ்வொரு பிழிவுக்குப் பிறகும் அச்சு சிறிது திரும்ப, ஒரு தகடு துளைகளில் ஒட்டிய மாவை வழித்துவிடுகிறது. இந்த ஒரே இயந்திரத்தில் சட்டம் ஐந்து வெவ்வேறு பொருள்களைக் காண்கிறது:

1. ஆக்கவுரிமை. நீராவி உறையும் வழிக்கும் தகடும் சேர்ந்து தரும் தொழில்நுட்பத் தீர்வுக்கு உரியது. விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகள். இடையில் ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் முன்னதாகவே போய்விடும்.

2. கைத்தொழில் வடிவமைப்பு. இயந்திரத்தின் வெளித்தோற்றத்துக்கோ, இடியப்பத் தட்டின் புதிய பின்னலுக்கோ உரியது. கண்ணுக்குத் தெரியும் அழகைக் காக்கும். வேலை செய்யும் விதத்தைக் காக்காது. முதலில் 5 ஆண்டுகள், பிறகு இரு முறை புதுப்பிக்கலாம். மொத்தம் 15 ஆண்டுகள்.

3. வியாபாரக் குறி. ட்ரேட்மார்க். பெயர், இலச்சினை, பொதியின் அடையாளம். 10 ஆண்டுகள். புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்பதால், பதிவு செய்து பெறும் உரிமைகளில் மிக நீண்ட ஆயுள் இதற்குத்தான்.

4. பதிப்புரிமை. பாவனைக் கையேடு, விளம்பரப் படம், வாடிக்கையாளரிடம் கட்டளை (ஓர்டர்) எடுக்கும் செயலியின் நிரல். எங்கும் பதிய வேண்டியதில்லை. ஆக்கிய கணத்திலேயே உரிமை பிறக்கிறது. ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும்.

5. வெளிப்படுத்தப்படாத தகவல். பேச்சில் வியாபார இரகசியம். இயந்திரத்தோடு விற்கும் மாக்கலவையின் அளவு, வாடிக்கையாளர் பட்டியல், விலை கணக்கிடும் முறை.

"நான் எதைக் காக்க விரும்புகிறேன்" என்ற கேள்வியை இந்த ஐந்தில் ஒன்றாக மாற்றாமல் சட்டத்தரணியிடம் போனால் பணமும் நேரமும்தான் வீண்.

ஆக்கவுரிமை எப்போது கிடைக்கும்?

அதிகம் பேசப்படுவதும் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். சட்டத்தின் கண்ணில் கண்டுபிடிப்பு என்பது தொழில்நுட்பத் துறையில் குறிப்பிட்ட ஒரு சிக்கலுக்கு நடைமுறைத் தீர்வு தரும் எண்ணம். அது மூன்று சோதனைகளில் தேற வேண்டும்.

முதலாவது புதுமை. கொழும்பில் புதிது என்பது போதாது, உலகத்திலேயே புதிதாக இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு பட்டறை அதே உறையைச் செய்து யூடியூபில் காணொளி போட்டிருந்தால், இங்கே எவரும் பார்த்திராவிட்டாலும் புதுமை போய்விட்டது. எனவே பணம் செலவழிக்கும் முன் தேட வேண்டும். எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற மூன்று ஆக்கவுரிமைத் தேடல் தளங்களிலும் இலவசமாகத் தேடலாம். ஒரு மாலை உட்கார்ந்து தேடினாலே தன் இயந்திரம் எங்கே நிற்கிறது என்று பட்டறைக்காரருக்கு ஓரளவு தெரிந்துவிடும்.

இரண்டாவது கண்டுபிடிப்புப் படி. அத்துறையில் சாதாரணத் தேர்ச்சியுள்ள ஒருவர் "இதை யாரும் செய்வார்களே" என்று சொல்லக்கூடியதாக இருக்கக் கூடாது. கையால் அழுத்தும் உரலுக்கு மோட்டார் பூட்டுவது அந்த வகை. அதற்கு உரிமை கிடைக்காது. மா இறுகுவதால்தான் இயந்திரம் நிற்கிறது என்று கண்டு, உறையையும் தகட்டையும் ஒன்றோடொன்று இயங்கச் செய்தது வேறு. மூன்றாவது, கைத்தொழிலில் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். இங்கே அதில் சிக்கல் இல்லை.

இனி, பலரும் கவனிக்காத இடம். ஆக்கவுரிமையின் எல்லையைத் தீர்மானிப்பது இயந்திரமல்ல, விண்ணப்பத்தின் கடைசியில் வரும் உரிமைக்கோரல்கள் என்ற வாசகங்கள். "துருப்பிடிக்காத உருக்கினாலான வட்டத் தகடு துளைகளை வழிக்கும்" என்று எழுதினால், அடுத்தவர் பித்தளையில் நீள்சதுரத் தகடு வைத்து அதே வேலையைச் செய்துகொண்டு "என்னுடையது வேறு" என்று வாதாட இடம் கிடைக்கும். "அச்சின் திருப்பத்தோடு இயைந்து துளைகளைத் துப்புரவாக்கும் உறுப்பு" என்று எழுதினால் வலை அகலும். ஆனால் மிக அகலமாக எழுதினால் ஏற்கெனவே உலகில் இருக்கும் ஏதோ ஒன்று அதற்குள் வந்து விழுந்து, புதுமையில் தோற்க நேரும். அகலமான உரிமைக்கோரல் ஒன்றை முதலில் வைத்து, அதன் கீழ் படிப்படியாகக் குறுகும் உரிமைக்கோரல்களை அடுக்குவது இதற்காகத்தான். அலுவலகக் கட்டணத்தைவிட இந்த வாசகங்களை எழுதும் ஆளுக்குப் பணம் செலவழிப்பதே பெறுமதி. படிவத்தைத் தாமாகவே நிரப்பிச் சான்றிதழ் பெற்றுச் சட்டகம் போட்டு மாட்டியவர்கள், சான்றிதழ் எதைத் தடுக்கும் என்று பின்னர் தேடுவது வருத்தத்துக்குரியது.

இதில் ஒரு கொடுக்கல் வாங்கலும் உண்டு. உரிமை பெற வேண்டுமானால், தேர்ச்சியுள்ள இன்னொருவர் செய்துபார்க்கக்கூடிய அளவுக்குக் கண்டுபிடிப்பை விளக்கி எழுதிக் கொடுக்க வேண்டும். அது பொதுப் பதிவேட்டுக்குப் போகும். 20 ஆண்டு முடிந்ததும் எல்லாருக்கும் சொந்தம். ஜேர்மனி, சீனா போன்ற நாடுகளில் சிறு மேம்பாடுகளுக்கென்று குறுகிய காலச் சிறு உரிமை ஒன்று உண்டு. நம் 2003 சட்டத்தில் அது இல்லை. பஞ்சிகாவத்தையிலும் கிராண்ட்பாஸிலும் லேத் பட்டறைகளில் நாளாந்தம் நடக்கும் சிறு சிறு திருத்தங்களுக்கு அப்படி ஒரு வழி இருந்தால் எவ்வளவோ உதவும். சட்டத்தைத் திருத்துபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

காட்டுவதற்கு முன் பதியுங்கள்

ஆக்கவுரிமையில் முதலில் கண்டுபிடித்தவருக்கும் முதலில் விண்ணப்பித்தவருக்கும் போட்டி வந்தால், தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கும் பட்சத்தில், முந்திய திகதியுடைய விண்ணப்பமே வெல்லும். தனக்குத் தானே பதிவுத் தபாலில் வரைபடத்தை அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் போதும் என்ற நம்பிக்கை இன்னும் புழங்குகிறது. அந்த உறை எந்த உரிமையையும் தராது. அன்று அந்த வரைபடம் இருந்தது என்பதற்கு ஒரு சான்றாக நிற்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தது, தன் வாயாலேயே தன் புதுமையைக் கெடுத்துக்கொள்வது. பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் ஒரு கண்காட்சி. பட்டறைக்காரர் இயந்திரத்தை ஓட்டிக் காட்டுகிறார், வந்தவர்கள் படமெடுத்து டிக்டொக்கில் போடுகிறார்கள். அந்தக் கணம் அது உலகத்துக்கு வெளிப்பட்டுவிட்டது. இலங்கைச் சட்டம் இங்கே கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் கண்டுபிடித்தவரே வெளிப்படுத்தியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்காது. ஐரோப்பாவில் இப்படிப் பொதுவான சலுகை கிடையாது. கண்காட்சிக்குப் பிறகு கொழும்பில் விண்ணப்பிக்க முடிந்தாலும், ஐரோப்பியக் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டிருக்கும். வெளித்தோற்ற வடிவமைப்புக்கும் இந்த ஓராண்டை நம்பியிருக்கக் கூடாது.

ஆகவே வரிசை இது:

1. தேடுங்கள்.
2. பட்டறைக்குள் வருபவர்கள், முதலீடு பேச வருபவர்கள் எல்லாரிடமும் இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள்.
3. விண்ணப்பியுங்கள்.
4. அதன் பிறகு கண்காட்சி, காணொளி, பத்திரிகைப் பேட்டி.

புத்தாக்கப் போட்டிகளுக்குப் போகும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். மேடையில் விளக்குவதும் வெளிப்படுத்தல்தான். போட்டி விதிகளில், சமர்ப்பித்த திட்டத்தின் உரிமை யாருக்கு என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

பெயர்: ஒரே கட்டடத்தில் இரண்டு அலுவலகங்கள்

கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுர என்ற கட்டடம் இருக்கிறது. கம்பனிப் பதிவாளர் திணைக்களம் அங்கே. தேசிய புலமைச் சொத்து அலுவலகமும் அங்கேதான். முதலாவதில் கம்பனியைப் பதிந்து சான்றிதழோடு வெளியே வருபவர், இனி அந்தப் பெயர் தனக்கே என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறார். ஏறிப் போக வேண்டிய இரண்டாவது அலுவலகம் அதே கட்டடத்தில் இருந்தது.

கம்பனிப் பதிவு, சட்டத்தின் முன் உங்கள் நிறுவனம் ஓர் ஆள் என்று ஆக்குகிறது. வணிகப் பெயர்ப் பதிவு, அந்தப் பெயரில் தொழில் செய்பவர் யார் என்று பதிகிறது. இணைய முகவரி ஒன்றை வாங்குவது அந்த முகவரியை மட்டுமே தருகிறது. சந்தையில் அந்தப் பெயரோடு அதே வகைப் பொருளை இன்னொருவர் விற்பதைத் தடுக்கும் வலு வியாபாரக் குறிக்குத்தான் உண்டு. பதியாத பெயருக்கும் நேர்மையற்ற போட்டி என்ற பிரிவின் கீழ் வழக்காட வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கு மக்களிடம் மதிப்பு இருந்தது, மற்றவர் அதைக் குழப்பிப் பயன்பெற்றார் என்று ஒவ்வொன்றாக நிறுவ வேண்டும். பதிவுச் சான்றிதழ் இருந்தால் அந்தச் சுமையில் பெரும்பகுதி குறையும்.

குறி பதிவது வகுப்பு வாரியாக. பொருள்களுக்கு 1 முதல் 34 வரை, சேவைகளுக்கு 35 முதல் 45 வரை என்று மொத்தம் 45 வகுப்புகள். நம் பட்டறைக்காரரின் இயந்திரம் 7ஆம் வகுப்பு. அதே பெயரில் இடியப்ப மா விற்றால் 30. இடியப்பக் கடை திறந்தால் 43. 7இல் மட்டும் பதிந்துவிட்டு, ஈராண்டு கழித்து மா விற்க வரும்போது அந்தப் பெயரை 30இல் வேறொருவர் பதிந்திருப்பதைக் கண்டால் நிலைமை சங்கடம்.

பொருளை வெறுமனே வர்ணிக்கும் பெயர்கள் பதிவாகா. "சுவை இடியப்பம்" என்ற பெயரை ஒருவருக்கே எழுதிக் கொடுத்தால் மற்றவர்கள் தங்கள் இடியப்பத்தை எப்படிச் சொல்லி விற்பார்கள்? தனித்துவமான, சற்றே எதிர்பாராத பெயர் வலுவானது. கொழும்பில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தமிழில் நன்றாக இருக்கும் பெயர் சிங்களத்தில் எழுதும்போது வேறொரு நிறுவனத்தின் பெயர்போல் ஒலிக்கலாம். குழப்பம் கண்ணால் மட்டுமல்ல, காதாலும் அளக்கப்படும். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் வர்த்தமானியில் வெளியாகும். எதிர்ப்புத் தெரிவிக்க மூன்று மாத அவகாசம் உண்டு. ஏற்கெனவே குறி வைத்திருப்பவர்களும் வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பணம் கொடுத்தவருக்கா, செய்தவருக்கா?

கூட்டாளிகள் பிரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சட்டம் இரண்டு உரிமைகளுக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்கிறது.

ஆக்கவுரிமையில், 69ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வேலை ஒப்பந்தத்தின் கீழ் பிறந்த கண்டுபிடிப்பு தொழில்தருநருக்கு. செய்து தரச் சொல்லிப் பணம் கொடுத்த வேலையானால் அப்படிச் சொன்னவருக்கு. ஆனால் எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிய பொருளாதாரப் பெறுமதியை அது அடைந்தால், கண்டுபிடித்தவர் நியாயமான ஊதியம் கேட்கலாம். இந்த வாசகம் தொழிலாளர்களுக்குச் சாதகமானது. அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பதுதான் கவலை.

பதிப்புரிமையில் ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதியது தொழில்தருநருக்குப் போகும். ஆனால் வெளியாளாக வந்து செயலி எழுதிக் கொடுத்த இளைஞரோ, இலச்சினை வரைந்த ஓவியரோ ஊழியர் அல்லர். பணம் முழுவதையும் கொடுத்து முடித்தாலும், உரிமையை மாற்றித் தருவதாக எழுத்தில் கையெழுத்து வாங்காவிட்டால் அது அவர்களிடமே நிற்கும். மூன்று ஆண்டு கழித்துக் கம்பனியில் முதலீடு செய்ய வருபவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "நிரல் உங்களுடையது என்பதற்குக் கடதாசி எங்கே?" அந்த இளைஞர் அப்போது மெல்பேர்னில் இருப்பார்.

இரகசியமாக வைத்துக்கொள்வது

ஒன்றைப் பதிவதா, மறைத்து வைப்பதா என்று தீர்மானிக்க எளிய கேள்வி ஒன்று: பொருளை வாங்கிப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமா? இயந்திரத்தைக் கழற்றினால் நீராவி உறையும் தகடும் தெரிந்துவிடும். அதை இரகசியமாகக் காக்க முடியாது. மாக்கலவையின் அளவும் வறுக்கும் சூடும் தின்று பார்த்தால் தெரியாது. அதை ஆக்கவுரிமைக்கு எழுதிக் கொடுப்பது கையிலிருப்பதைக் கொடுத்துவிடுவதாகும்.

160ஆம் பிரிவு வெளிப்படுத்தப்படாத தகவலைக் காக்கிறது. துறையில் பொதுவாகத் தெரியாததாக இருக்க வேண்டும். இரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிகப் பெறுமதி இருக்க வேண்டும். காப்பதற்கு உரியவர் நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பலரும் விழுகிறார்கள். சமையலறைச் சுவரில் அளவை ஒட்டி வைத்துவிட்டு, வேலைக்காரர் அடுத்த கடைக்குப் போனதும் இரகசியம் போனதென்று நீதிமன்றம் ஏற முடியாது. கலவையை இரண்டாகப் பிரித்து இருவரிடம் கொடுப்பது, கோப்புக்குக் கடவுச்சொல் போடுவது, நியமனக் கடிதத்தில் இரகசியக் காப்பு வாசகம் சேர்ப்பது எல்லாம் இந்த நிபந்தனையை நிறைவேற்றும் செயல்கள்.

மீறல் நடந்தால்

சிவில் வழக்குக் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். தடையுத்தரவும் நட்டஈடும் கேட்கலாம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தொழில் செய்பவரும் இங்கேதான் வந்தாக வேண்டும். சிறு தொழிலுக்கு அந்தச் செலவே பெரும் தடை. அதனால் வழக்குக்கு முன் சட்டத்தரணி மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புவது வழக்கம். கடிதத்தோடு இணைக்கப் பதிவுச் சான்றிதழ் ஒன்று இருக்கிறதா என்பதில்தான் அதன் கனம் இருக்கிறது.

கடலுக்கு அப்பால்

உலகம் முழுவதற்கும் செல்லும் ஆக்கவுரிமை என்று ஒன்று இல்லை. கொழும்பில் பெற்றது இலங்கைக்குள் மட்டும். ஆனால் இத்தகைய உரிமைகளுக்கான சர்வதேச ஒப்பந்தமான பரிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1952 முதல் இருக்கிறது. அதன்படி இங்கே விண்ணப்பித்த திகதியிலிருந்து 12 மாதத்துக்குள் மற்றைய உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால் கொழும்புத் திகதியே அங்கும் எண்ணப்படும். குறிகளுக்கும் வடிவமைப்புகளுக்கும் அந்த அவகாசம் 6 மாதம். ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை என்ற இன்னொரு சர்வதேச ஒப்பந்தத்தில் இலங்கை 1982 முதல் இருப்பதால், ஒரே சர்வதேச விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு எந்தெந்த நாட்டுக்குள் நுழைவது என்று தீர்மானிக்கப் பொதுவாக 30 மாதம் வரை கிடைக்கும். முதலீட்டாளரைத் தேட அந்தக் காலம் பெரிய உதவி.

எல்லைக்கு உட்பட்ட உரிமை என்பதற்கு மறுபக்கமும் உண்டு. நம் பட்டறைகள் அதைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். ஜப்பானில் மட்டும் உரிமை பெற்று இலங்கையில் விண்ணப்பிக்கப்படாத ஓர் இயந்திரத்தைக் கிராண்ட்பாஸில் செய்து இங்கேயே விற்க அந்த உரிமை தடையாகாது. 20 ஆண்டு கடந்தவை எங்கும் எவருக்கும் பொது. அந்த விண்ணப்பங்கள் வரைபடங்களோடு, அளவுகளோடு, எப்படிச் செய்வது என்ற விளக்கத்தோடு இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. செய்ததை ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்தால் மட்டும் அங்கே அது மீறல். ஏற்றுமதி எண்ணம் இருந்தால், விற்கப்போகும் நாட்டின் பதிவேட்டையும் அச்சு வார்ப்பதற்கு முன்பே தேடிப் பார்த்துவிட வேண்டும்.